பெண் வீட்டார், டோனாவூர்

நான் ஆறு வருஷம் குப்பை கொட்டிய ஆபீஸில் யாருக்குப் பிறந்த நாள் வந்தாலும் கேக் உண்டு. கேக்குக்காகவே சிலருக்கு வருஷத்தில் இரண்டு பிறந்த நாள் வரும். சர்ட்டிஃபிகேட்டில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று. எங்கள் சீஃப் அக்கவுண்டன்ட் மேடம் மட்டும் வாயைத் திறந்ததே கிடையாது. ஒரு வருஷம் பெர்சனல் ஃபைலைக் குடைந்து தேதியைக் கண்டுபிடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பாட்டும் பாடிவிட்டோம். மேடம் கத்தியை வாங்கிக்கொண்டு, "இது பிறந்த நாள் இல்லைப்பா. வந்த நாள்" என்றார்.

"எங்கே வந்த நாள் மேடம்?"

"டோனாவூருக்கு."

எல்லார் வாயிலும் கேக். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் மேடத்திடமிருந்து போன். "தம்பி, பொண்ணுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை வைக்க ஊருக்குப் போகணும். அவருக்கு முழங்கால் ஆபரேஷன். நீ கூட வர்றியா?" ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் என்றால் எப்போதும் சும்மா இருப்பவன் என்று ஊர் நினைக்கிறது. சரியாகத்தான் நினைக்கிறது. சாயங்காலமே பையைத் தூக்கிவிட்டேன்.

நெல்லை எக்ஸ்பிரஸில் விழுப்புரம் தாண்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுஷர்கள். வரதட்சணைப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் நிச்சயம் பேசும்போது மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

நம் ஊர்க் கல்யாணத்தில் இது சாதாரணக் கேள்வி இல்லை சார். மாப்பிள்ளை வர அரைமணி லேட் ஆனால் டிராஃபிக் ஜாம் என்று சமாளிக்கலாம். தாய்மாமன் வரவில்லை என்றால் என்ன சொல்லிச் சமாளிப்பது? பிறந்து சில நாளே ஆன குழந்தையாக டோனாவூருக்கு வந்த மேடத்துக்கு அம்மா யாரென்றே தெரியாது. அப்புறம் அண்ணன் தம்பிக்கு எங்கே போவது?

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

"ஊருக்குப் போய்க் கேட்டுட்டு வந்து சொல்றேன்னேன்" என்று சொல்லிவிட்டு மேடம் லைட்டை அணைத்துப் படுத்துவிட்டார். எனக்குத்தான் திண்டுக்கல் வரை தூக்கமில்லை.

திருநெல்வேலியில் இறங்கி, புது பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து, நாங்குநேரி வழியாகக் களக்காடு. வழியெல்லாம் வாழைத்தோட்டம். மேற்கே பார்த்தால் மலை. அது களக்காடு - முண்டந்துறை புலிகள் சரணாலயம். புலி இருக்கட்டும், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே அதிசயம். களக்காட்டு டீக்கடையில் "அண்ணாச்சி, ரெண்டு டீ" என்றேன். "இந்தா போடுதேன் அண்ணாச்சி" என்று பதில் வந்தது. இந்தச் சீமையில் ஆண்பிள்ளையாகப் பிறந்தால் அண்ணாச்சி ஆகாமல் தப்பிக்க முடியாது. இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அங்கிருந்து டவுன் பஸ். டோனாவூர் என்றதும் எனக்குக் கிரிக்கெட் ஞாபகம்தான் வந்தது. ஆனால் இது தோனி பேட்டைத் தொடுவதற்கு நூற்றைம்பது வருஷம் முந்தைய பெயர். 1820களில் திருநெல்வேலியில் ஊழியம் செய்த ரேனியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார், இங்கே கோயில் கட்டப் பணம் அனுப்பிய டோனா என்ற பிரபுவின் பெயரை ஊருக்கு வைத்துவிட்டார். பிரபு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாரா என்றால் இல்லை. பணம் அனுப்பினால் போதும், பெயர் நிற்கும். (கல்யாண மண்டப ஃபேன்களில் பார்ப்பீர்களே, அதே தியரி.)

ஆனால் ஊர் ஊரானது அந்தப் பிரபுவால் அல்ல. எமி கார்மைக்கேல் என்ற ஐரிஷ் பெண்மணியால். 1867ல் வட அயர்லாந்துக் கடற்கரை கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1895ல் இந்தியாவுக்கு வந்தார். 1951 ஜனவரி 18ந் தேதி இதே டோனாவூரில் கண்ணை மூடினார். நடுவில் 55 வருஷம். இதில் ஆபீஸ்காரர்கள் கவனிக்க வேண்டியது: ஒரு தடவைகூட லீவில் சொந்த ஊர் போகவில்லை!

வந்த புதிதில் அவருக்குக் குழந்தை வளர்க்கும் எண்ணமே கிடையாது. கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் செய்வதுதான் வேலை. 1901 மார்ச்சில், கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதற்காக வைத்திருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி வந்து இவரிடம் சேர்ந்தாள். பெயர் ப்ரீனா. முன்பே ஒரு முறை ஓடிப் பிடிபட்டு, கைகளில் சூடு வாங்கியவள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இன்னொருத்தி என்று வர ஆரம்பித்தார்கள். யாருக்கும் வேண்டாத கைக்குழந்தைகளும் வந்தன. 1913ல் 130 பிள்ளைகள். 1918லிருந்து ஆண் குழந்தைகளையும் சேர்த்தார்கள். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1947ல். அதற்காகச் சட்டசபையில் குரல் கொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது.

'பிள்ளைகளைப் பிடித்து மதம் மாற்றுகிறார்' என்று அன்றைக்கே சத்தம் எழுந்தது. கோர்ட் வரை போயிருக்கிறது. 1911ல் ஒரு சிறுமியின் வழக்கில் தீர்ப்பு எமிக்கு எதிராகவே வந்தது. அந்தச் சண்டை இன்றும் டீக்கடையில் தீராத சண்டை. பஸ்ஸில் என் பக்கத்து ஸீட்டுக்காரரும் ஆரம்பித்தார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி, மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எமி செய்த காரியங்களில் என்னைக் கவர்ந்தது ஒன்று உண்டு. பெரிய ஹால் கட்டி நூறு பாய் விரித்து, மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம் என்று நடத்தவில்லை. சின்னச் சின்ன வீடுகள். வீட்டுக்குக் கொஞ்சம் பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா. ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் இதே மாதிரி யோசித்து, இம்ஸ்ட் என்ற ஊரில் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமத்தை ஆரம்பித்தது 1949ல். களக்காட்டுப் பக்கத்தில் அது அதற்குப் பல வருஷம் முன்பே நடந்துகொண்டிருந்தது.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதிலும் ஒரு முறை வைத்தார்கள். எமி, அம்மா. பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் அக்கா. வெள்ளைக்காரப் பெண்கள், சித்தி! ஆண்கள்? அதேதான், அண்ணாச்சி. லண்டனில் படித்துவிட்டு வந்த டாக்டரும் இங்கே அண்ணாச்சிதான். மேட்ரன், வார்டன், சூப்பிரண்டு என்று போர்டு மாட்டுவது சுலபம். சூப்பிரண்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் வரும், ரிட்டயர்மென்ட் வரும். சித்திக்கு ஏது ட்ரான்ஸ்ஃபர்?

பி.காம். படித்த எனக்குப் புரியாத இன்னொரு சமாசாரம், வரவு செலவு. யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது எமி வைத்த விதி. நோட்டீஸ் கிடையாது, உண்டியல் குலுக்கல் கிடையாது. வந்தால் வரவு, வராவிட்டால் பிரார்த்தனை. எங்கள் ஆடிட்டர் இப்படி ஒரு பட்ஜெட்டைப் பார்த்திருந்தால் அவரும் பிரார்த்தனை பண்ண ஆரம்பித்திருப்பார்.

வாசலில் இறங்கினோம். உள்ளே நுழைந்ததும் வெயில் பாதியாகக் குறைந்துவிட்டது. அத்தனை மரம். சிவப்பு ஓட்டு வீடுகள். 1927ல் கட்டிய ஜெப வீடும் அதன் கோபுரமும். நான் வழக்கம்போல செல்போனைத் தூக்கினேன். "சின்னப் பிள்ளைய இருக்க இடம். போட்டோ வேண்டாம் அண்ணாச்சி" என்றார் அங்கிருந்த ஊழியர். மரியாதையாகத்தான் சொன்னார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2015ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74வது பிரிவின்படி, பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளம் தெரிகிற மாதிரி எதையும் வெளியிடக் கூடாது. செல்போன் பைக்குள் போனது. பயண எழுத்தாளனுக்குக் கையொடிந்த மாதிரிதான்.

மேடம் நேரே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். தோட்டம் என்றால் தோட்டமேதான். எமிக்குக் கல்லறைக் கல் கிடையாது. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்து, அதில் 'அம்மை' என்று மட்டும் பொறித்துவிட்டார்கள். 1931ல், நாங்கள் டீ குடித்தோமே அதே களக்காட்டில், ஒரு குழியில் தவறி விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர், கடைசி 20 வருஷத்தைப் பெரும்பாலும் அறைக்குள்ளேயே படுக்கையில் கழித்தார். புத்தகங்கள் பலவற்றை எழுதியது அந்தப் படுக்கையில்தான். எனக்குத் தலைவலி வந்தாலே அந்த வாரக் கட்டுரை கோவிந்தா.

ஒரு மைனா வந்து தொட்டியில் குளித்துவிட்டுப் போனது. மேடம் ஹேண்ட்பேகிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து, மஞ்சள் தடவிய மூலை மேலே தெரிய, தொட்டி அருகில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"என்னை வளர்த்த அக்கா தூங்கறாங்க, எழுந்திருக்கட்டும்" என்று ஒரு வராந்தாவில் உட்கார்ந்தோம். மேடம் பேசினார். அவர் பேசியதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர் போடாதே, மற்றது போட்டுக்கோ என்றார்.

"சின்ன வயசுல வந்த நாள்தான் எங்களுக்குத் திருவிழா. நாற்காலியெல்லாம் பூ. ஒரு வாசனை சோப்பு குடுப்பாங்க. தேய்ச்சா கரைஞ்சுடும்னு நான் ஒரு மாசம் மோந்து மோந்து பாத்துட்டே இருப்பேன். பத்து வயசுக்கு மேல கோபம் வந்துச்சு. எல்லாருக்கும் பிறந்த நாள் இருக்கே, எனக்கு ஏன் வந்த நாள்? எங்கேர்ந்து வந்தேன்? அக்காகிட்ட சண்டை போட்டேன். அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்? 'நீ வந்த அன்னிக்கு மழை. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்'னாங்க."

பதினெட்டு வயதில் பாளையங்கோட்டையில் பி.காம். ஹாஸ்டல் வாசம். முதல் காலாண்டு லீவு. பெட்டி கட்டிக்கொண்டு பெண்கள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறார்கள். வேறொரு விடுதியில் வளர்ந்த ஒரு பெண் மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாளாம். அங்கே பதினெட்டு முடிந்ததும் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். "நானும் அவளும் ஒரே கேஸ்தான் தம்பி. ஆனா எனக்குக் களக்காட்டு பஸ் இருந்துச்சு. அவளையும் கூட்டிட்டு வந்துட்டேன். அக்கா ஒண்ணும் கேக்கல. இன்னொரு தட்டு போட்டாங்க."

இந்தப் பதினெட்டு இருக்கிறதே, அது பொல்லாத நம்பர். ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் எடுக்கலாம் என்று நாமெல்லாம் குதித்தோம். விடுதியில் வளர்கிற பிள்ளைக்கு அன்றோடு சாப்பாட்டுத் தட்டு போச்சு. 2015 சட்டத்தில் பதினெட்டுக்கு அப்புறமும் இருபத்தொன்று வரை பின்பராமரிப்பு என்று ஒரு ஏற்பாடு சொல்லியிருக்கிறார்கள். உதவித்தொகை, தங்க இடம், தொழிற்பயிற்சி எல்லாம் பேப்பரில் உண்டு. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் எந்த பஸ் ஏறுவது என்பதைச் சட்டம் எழுத முடியுமா?

அதே சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்பு என்றும் ஒன்று இருக்கிறது. தத்து வேறு, இது வேறு. பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை, குழந்தைகள் நலக் குழு பார்த்து ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கும். பிள்ளைக்கு இனிஷியல் மாறாது, சொத்தில் பங்கு வராது. ஆனால் மூன்று வேளைச் சாப்பாடும், ஹோம்வொர்க் செய்யலையா என்று கத்த ஒரு ஆளும் உண்டு. 2024ல் வந்த புது வழிகாட்டு விதிகளில் கல்யாணம் ஆகாதவர்களும் 35லிருந்து 60 வயதுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றாகிவிட்டது. ஆண் என்றால் ஆண் குழந்தை மட்டும். மேன்ஷன்வாசிகளே, கவனியுங்கள்! பெண் கிடைக்கவில்லை என்று புலம்பும் நேரத்தில் பிள்ளை கிடைக்க வழி பிறந்திருக்கிறது.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் கிழக்கே பாஸம் ட்ராட் என்று ஒரு குக்கிராமம். காடும் மண்ரோடும்தான். அங்கே பென்னட் சேப்பல் என்ற சின்னக் கறுப்பினச் சபை. பாதிரியார் டபிள்யூ.சி. மார்ட்டின், அவர் மனைவி டோனா (அட, அங்கேயும் ஒரு டோனா!). அம்மா இறந்த துக்கத்தில் துவண்டு கிடந்த டோனா, அம்மா இல்லாத பிள்ளைகளை வளர்க்கலாம் என்று எழுந்தார். சபைக்காரர்கள் சும்மா கைதட்டிவிட்டுப் போகவில்லை. ஒருவர் பின் ஒருவராக, 22 குடும்பங்கள் 77 பிள்ளைகளை அரசாங்கப் பராமரிப்பிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து தத்தெடுத்துவிட்டார்கள். எல்லாம் சம்பளத்தை எண்ணி வாழ்கிற ஜனங்கள். 2024ல் அதைச் சினிமாவாகவே எடுத்தார்கள். பார்த்தபோது எனக்குத் தோன்றியது, அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா மட்டும் கிடைக்கவில்லை. ஊர் நிறைய மாமா, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன் எல்லாம் ஒரே நாளில் கிடைத்திருக்கிறார்கள்.

மாமா என்றதும் ஞாபகம் வருகிறது, நாம் வந்த வேலை அப்படியே நிற்கிறது.

அக்கா எழுந்துவிட்டார். எண்பது தாண்டிய உருவம். வெள்ளைப் புடவை. இதே தோட்டத்தில் வளர்ந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், இங்கேயே அக்காவாகத் தங்கிவிட்டவர். எத்தனை பேரை வளர்த்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு பெயராக விரல் விட ஆரம்பித்து, கை விரலெல்லாம் நாலு ரவுண்டு முடிந்தும் நிறுத்தவில்லை. "இவ ராத்திரி தூங்கவே மாட்டா. தோள்லயே கெடப்பா" என்று மேடத்தைக் காட்டினார். ஆபீஸில் ஒரு பைசா டேலி ஆகாவிட்டால் எங்களை ராத்திரி தூங்கவிடாத மேடம், இப்போது தரையில் அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

"எப்ப வந்திய தம்பி? சாப்பிட்டியளா?" என்று என்னை விசாரித்தார். பிறகு பூதக்கண்ணாடியை வாங்கிப் பத்திரிகையை எழுத்தெழுத்தாகப் படித்தார். "ஆசீர்வாதத்துல ஒரு எழுத்து தப்பா இருக்கு" என்றார். ப்ரூஃப் பார்த்தது அடியேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

மேடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். தாய்மாமன் யாரு என்று கேட்கிறார்கள். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் கோபம் வந்துவிட்டது. "இதைக் கேக்கவா அம்புட்டுத் தூரம் வந்த? அவன் காலைலயே வந்து ஆஸ்பத்திரித் திண்ணைல உக்காந்திருக்கான். கூப்பிடு."

வந்தவர் அறுபதை எட்டும் மனிதர். வேட்டி, அரைக்கைச் சட்டை, கையில் மஞ்சள் பை. பழைய ஆண்பிள்ளைகள் பகுதியில் வளர்ந்தவர். (1980களுக்குப் பிறகு இங்கே ஆண் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை.) பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவராம். என்னைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி" என்றார். மேடத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். உள்ளே ஒரு சின்ன மோதிரம், தாய்மாமன் சீர். பில்லும் கூடவே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. கணக்கு படித்தவன் கண் முதலில் பில்லுக்குத்தான் போகும்.

"பிள்ளை காலேஜ் முடிச்சப்பவே வாங்கி வச்சேன். தங்கம் ஏறிக்கிட்டே போகுதுல்லா?" என்றார் என்னிடம், ஏதோ தப்புச் செய்த மாதிரி.

மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? ஓய்வூதியமே எவ்வளவு வருது?" என்று சண்டை பிடித்தார். அவர் பதிலுக்கு, சின்ன வயதில் மேடம் அவருடைய கொய்யாப்பழத்தைத் திருடிய கதையை எடுத்தார். திருடவில்லை, கீழே கிடந்தது என்று மேடம். கீழே கிடந்தாலும் என் மரம் என்று அவர். அக்கா இரண்டு பேரையும் அதட்டினார். என்னை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் அக்காவும் நானும் போடுகிற சண்டை இதே சுருதிதான்.

மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்குப் போன் போட்டது நான்தான், ஸ்பீக்கரில். "தாய்மாமன் பக்கத்துலதான் இருக்கார், பேசுங்கம்மா" என்று கொடுத்தேன். அந்தம்மா பாளையங்கோட்டைக்காரர் போலிருக்கிறது. ஐந்தே நிமிஷத்தில் இரண்டு பேரும் பஸ் ரூட்டு, மழை, வாழைத்தார் விலை என்று இறங்கிவிட்டார்கள். "மேடைல நிக்க எத்தனை பேர் வருவிய?" என்று அந்தம்மா கேட்டது காதில் விழுந்தது.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா மறுபடியும் விரல் விட ஆரம்பித்தார். மதுரையில் நர்ஸாக இருக்கிறவள், நாகர்கோவில் டீச்சர், கோயம்புத்தூரில் இரண்டு பேர், ஹாஸ்டலிலிருந்து மேடம் கூட்டி வந்தாளே அந்தப் பெண், அவள் புருஷன், பிள்ளைகள், பேரன்... மேடம் கொண்டு வந்திருந்தது நூறு பத்திரிகை. அதில் அறுபது மாப்பிள்ளை வீட்டுக்கு.

நான் வராந்தாவுக்கு வந்து, பிரஸ்ஸுக்குப் போன் போட்டு, இன்னும் இருநூறு அடிக்கச் சொன்னேன். ஆசீர்வாதத்தையும் திருத்தச் சொன்னேன்.